கஞ்சாச் சட்டத்துக்குள் ஒரு நார்ப்பயிர்: ஹெம்ப் லைசென்ஸ் பற்றி வாசகர் கேள்வி - பதில்

இமாச்சலப் பிரதேச அமைச்சரவை 2025 ஜனவரியில் ஒரு முடிவு எடுத்தது. போதை குறைந்த கஞ்சா இனமான ஹெம்ப் பயிரைக் கட்டுப்பாட்டோடு வளர்த்துப் பார்க்கும் சோதனை ஆய்வை பாலம்பூர் வேளாண் பல்கலைக்கழகமும் சோலன் அருகே உள்ள நௌனி தோட்டக்கலைப் பல்கலைக்கழகமும் சேர்ந்து நடத்தலாம் என்பதுதான் அது. போன இதழில் இதைப் பற்றிச் சின்னதாக ஒரு குறிப்பு போட்டிருந்தோம். அதற்கு வந்த கேள்விகளில் சிலவற்றை மட்டும் இங்கே எடுத்துக்கொள்கிறேன். சட்டச் சிக்கல் உள்ள விஷயம் என்பதால் வாசகர்களின் பெயரைப் போடவில்லை, ஊர் மட்டும்.

கிணற்றுப் பாசனத்தோடு மூன்று ஏக்கர் வைத்திருக்கிறேன். ஹெம்ப் போட்டால் மக்காச்சோளத்தைவிடப் பல மடங்கு லாபம் என்று யூடியூபில் சொல்கிறார்கள். விதை ஆன்லைனிலேயே கிடைக்கிறது. ஆராய்ச்சிக்காக என்று பஞ்சாயத்தில் எழுதிக் கொடுத்துவிட்டு அரை ஏக்கர் போட்டுப் பார்க்கலாமா?
*- விவசாயி, தாராபுரம்*

வேண்டாம் ஐயா. அரை ஏக்கர் என்ன, தொட்டியில் ஒரு செடிகூட வேண்டாம்.

1985-ஆம் ஆண்டின் போதைப்பொருள் சட்டத்தில் (என்.டி.பி.எஸ். என்று எல்லோரும் சொல்வது இதைத்தான்) கஞ்சாச் செடி என்றால் அந்தப் பேரினத்தைச் சேர்ந்த எந்தச் செடியும்தான். போதை இவ்வளவுக்குக் கீழே இருந்தால் அது வேறு செடி என்று அந்த வரையறையில் ஒரு வார்த்தையும் இல்லை. அனுமதி இல்லாமல் வளர்த்தால் பிரிவு 20-இன் கீழ் 10 ஆண்டு வரை கடுங்காவல், 1 லட்சம் ரூபாய் வரை அபராதம். அனுமதி கொடுக்கும் அதிகாரம் பஞ்சாயத்துக்குக் கிடையாது. அதற்கு நேர்மாறாக, இப்படி ஒரு சாகுபடி கண்ணில் பட்டால் உடனே தகவல் கொடுக்க வேண்டும் என்று ஊராட்சித் தலைவர் முதல் வி.ஏ.ஓ. வரைக்கும் பிரிவு 47 கடமை விதிக்கிறது. இன்னொன்றும் தெரிந்துகொள்ளுங்கள்: உங்கள் நிலத்தைக் குத்தகைக்கு எடுத்த வேறொருவர் போட்டிருந்தாலும், தெரிந்தும் நீங்கள் சொல்லாமல் இருந்தால் பிரிவு 46 உங்கள் மேலும் பாயும்.

ஆன்லைனில் கிடைக்கும் விதை சாப்பிடுவதற்கு. ஹெம்ப் விதை, விதை எண்ணெய், விதை மாவு ஆகியவற்றை உணவாக விற்கலாம் என்று மத்திய உணவுப் பாதுகாப்பு ஆணையமான எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. 2021 நவம்பரில் அறிவித்தது, அதில் போதைப் பொருள் எவ்வளவு வரை இருக்கலாம் என்று வரம்பும் வைத்தது. அதனால் வாங்கலாம், வறுத்துச் சட்னி அரைக்கலாம். மண்ணில் ஊன்றினால் அது சாகுபடி ஆகிவிடும். அந்த யூடியூப்காரர்கள் இதைச் சொல்லாமல் விடுவது எனக்கு உண்மையிலேயே கோபம் வரவைக்கிறது. வழக்கு வந்தால் கோர்ட்டுக்கு அலையப்போவது நீங்கள்தான், அவர்கள் இல்லை.

முழுத் தடை இருக்கிறது என்று பேராசிரியர் சொல்கிறார். பிரிவு 14-இல் வழி இருக்கிறது என்று நண்பன் சொல்கிறான். எது சரி?
*- சட்டக் கல்லூரி மாணவர், மதுரை*

இரண்டும் பாதிப் பாதி சரி. கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன், ஏனென்றால் இந்த விஷயத்தின் முடிச்சு இங்கேதான் இருக்கிறது.

முதலில் 1961-ஆம் ஆண்டின் ஐ.நா. போதைப்பொருள் ஒப்பந்தம். அதன் 28-வது பிரிவு, நாருக்கும் விதைக்கும் மட்டுமே என்று தொழில் நோக்கத்தில் வளர்க்கும் கஞ்சாச் செடிக்கும், தோட்டக்கலைக்கு வளர்ப்பதற்கும் இந்த ஒப்பந்தம் பொருந்தாது என்று வெளிப்படையாகவே சொல்லிவிடுகிறது. நம் 1985 சட்டம் இதை உள்வாங்கித்தான் எழுதப்பட்டது. பிரிவு 8 கஞ்சாச் செடி வளர்ப்பதைத் தடுக்கிறது, ஆனால் மருத்துவ, அறிவியல் தேவைகளுக்குச் சட்டமும் விதிகளும் சொல்கிறபடி விலக்கு உண்டு. பிரிவு 10 அந்த அனுமதியையும் கட்டுப்பாட்டையும் மாநில அரசின் கையில் கொடுக்கிறது. பிரிவு 14, நாருக்கோ விதைக்கோ தோட்டக்கலைக்கோ வளர்க்க அரசு பொது ஆணை மூலமோ தனி ஆணை மூலமோ நிபந்தனையோடு அனுமதிக்கலாம் என்கிறது. உங்கள் நண்பர் சொல்வது இதைத்தான். ஆனால் அரசு ஆணை போட்டால்தான் அந்தப் பிரிவுக்கு உயிர். ஆணை இல்லாத மாநிலத்தில் பேராசிரியர் சொல்வதுதான் நடைமுறை.

அடுத்து, கஞ்சா என்றால் என்ன என்று சட்டம் சொல்வதைக் கவனியுங்கள். செடியின் பூத்த அல்லது காய்த்த நுனிப்பகுதிதான் கஞ்சா. அந்த நுனி சேராமல் தனியாக இருக்கிற இலையும் விதையும் கஞ்சா இல்லை. வட மாநிலங்களில் இந்தச் செடியின் இலையை அரைத்துச் செய்யும் பாங் விற்க முடிவதற்குக் காரணம் இந்த வரிதான். ஆனால் ஆராய்ச்சி செய்கிறவருக்கு இதே வரி இடைஞ்சல். ஒரு பல்கலைக்கழகம் நார் ரகம் உருவாக்க வேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். செடியில் போதை எவ்வளவு என்று பார்க்க வேண்டுமானால் பூவைத்தான் வெட்டி ஆய்வகத்துக்கு அனுப்ப வேண்டும். பூவை வெட்டிய நிமிடத்தில் அது சட்டப்படி கஞ்சா. நாருக்கும் விதைக்கும் என்று பிரிவு 14-இல் ஒரு ஆணை வாங்கி வைத்துக்கொண்டால் மட்டும், அந்தப் பூவை வைத்திருப்பதற்கும் ஊர் விட்டு ஊர் கொண்டுபோவதற்கும் பதில் சொல்ல முடியாது. அதனால் ஆராய்ச்சி லைசென்ஸ் என்பது பிரிவு 14, பிரிவு 10 இரண்டையும் சேர்த்து, சாகுபடி, மாதிரி எடுத்தல், வைத்திருத்தல், அனுப்புதல், அழித்தல் எல்லாவற்றையும் ஒரே ஆணைக்குள் எழுதியதாக இருக்க வேண்டும் என்பது என் கருத்து. பல மாநிலங்களில் இதைப் பற்றி நடக்கிற பேச்சு, வளர்க்க அனுமதி உண்டா இல்லையா என்பதோடு நின்றுவிடுகிறது. ஆய்வாளர் மாட்டிக்கொள்வது அதற்கு அடுத்த படியில்.

ஜம்முவில் சி.எஸ்.ஐ.ஆர். (மத்திய அரசின் அறிவியல் ஆராய்ச்சி அமைப்பு) நிறுவனம் ஒன்று அரசு அனுமதியோடு கஞ்சாச் செடி வளர்த்து ஆய்வு செய்வதைப் படித்திருப்பீர்கள். அது வலிப்பு, புற்றுநோய் வலி போன்றவற்றுக்கு மருந்து தேடும் ஆய்வு. அங்கே பூதான் வேண்டிய பொருள். ஹெம்ப் ஆய்வில் பூ வேண்டாத பொருள். இரண்டுக்கும் ஒரே படிவம், ஒரே பாதுகாப்பு விதி என்று போனால் ஒன்று மருத்துவ ஆய்வு தளர்ந்து போகும், இல்லையென்றால் நார் ஆய்வு தொடங்கவே தொடங்காது.

எல்லாரும் 0.3 சதவீதம், 0.3 சதவீதம் என்கிறார்களே, அந்தக் கணக்கு எங்கிருந்து வந்தது? அறிவியல் எல்லையா அது?
*- வேதியியல் ஆசிரியை, நாகர்கோவில்*

நல்ல கேள்வி. 1976-இல் கனடாவைச் சேர்ந்த தாவரவியலாளர் எர்னஸ்ட் ஸ்மால், அமெரிக்கரான ஆர்தர் கிரான்கிஸ்டோடு சேர்ந்து கஞ்சா இனத்தை வகைப்படுத்தி ஒரு கட்டுரை எழுதினார். போதை தரும் டி.எச்.சி. உலர் எடையில் 0.3 சதவீதத்துக்குக் கீழே இருப்பவை ஒரு பக்கம், மேலே இருப்பவை இன்னொரு பக்கம் என்று அதில் கோடு போட்டார்கள். வகைப்பாட்டு வசதிக்காகப் போட்ட கோடு அது, இயற்கை போட்டது இல்லை என்பதை அவர்களே மறைக்கவில்லை. அந்தக் கோட்டைக் கனடா 1998-இல் ஹெம்ப் சாகுபடியை அனுமதித்தபோது எடுத்துக்கொண்டது, அமெரிக்கா 2014-இல் எடுத்துக்கொண்டது, நம் உத்தராகண்டும் எடுத்துக்கொண்டது. ஐரோப்பிய ஒன்றியம் பல ஆண்டு 0.2-இல் நின்றுவிட்டு 2023-இல்தான் 0.3-க்கு வந்தது.

நீங்கள் வேதியியல் சொல்லித் தருபவர் என்பதால் இதையும் சொல்லிவிடுகிறேன். பச்சைச் செடியில் டி.எச்.சி. அப்படியே இருப்பது கம்மி. பெரும்பகுதி அதன் அமில வடிவில் இருக்கும், சூடு பட்டால்தான் கார்பன் டை ஆக்சைடை இழந்து டி.எச்.சி.யாக மாறும். அதனால் அமிலத்தின் அளவை 0.877-ஆல் பெருக்கி, ஏற்கெனவே இருக்கும் டி.எச்.சி.யோடு கூட்டி மொத்தக் கணக்கு சொல்கிறார்கள். வாயு நிறப்பகுப்புக் கருவி மாதிரியைச் சூடாக்கி அளப்பதால் அந்த மாற்றம் கருவிக்குள்ளேயே நடந்துவிடும், திரவ நிறப்பகுப்புக் கருவி இரண்டையும் தனித்தனியாகக் காட்டும். ஆகவே எந்த முறையில் அளப்பது, மொத்தக் கணக்கா தனிக் கணக்கா என்று விதியில் எழுதாமல் வெறும் 0.3 என்று போட்டால், ஒரே வயல் ஓர் ஆய்வகத்தில் ஹெம்ப், இன்னோர் ஆய்வகத்தில் கஞ்சா.

எந்த இடத்தில், எப்போது மாதிரி எடுப்பது என்பதும் அதே அளவு முக்கியம். பூ முற்ற முற்ற டி.எச்.சி. ஏறும். அமெரிக்க விதி, அறுவடைக்கு முந்தைய 30 நாளுக்குள், பூத்த தண்டின் நுனியிலிருந்து 5 முதல் 8 அங்குலம் வெட்டி எடுக்கச் சொல்கிறது. செடி முழுவதையும் அரைத்து அளந்தால் எண் இறங்கிவிடும், பூவை மட்டும் அளந்தால் ஏறிவிடும். இதையெல்லாம் தீர்மானிக்காத லைசென்ஸ் வெறும் காகிதம்.

ஹெம்ப் தமிழ்நாட்டில் வளருமா? எம்.எஸ்ஸி.க்கு இதைத் தலைப்பாக எடுக்க ஆசை.
*- வேளாண் மாணவி, கோவை*

வளரும், ஆனால் நீங்கள் நினைக்கிற மாதிரி வளராமல் போகலாம். இது குறும்பகல் பயிர். பகல் நீளமாக இருக்கும்வரை தண்டு நீண்டுகொண்டே போகும், பகல் குறைந்தால் பூவுக்குத் திரும்பிவிடும். கனடாவின் மானிடோபாவிலும் வட பிரான்சிலும் கோடையில் 16 மணி நேரம் பகல். டேராடூனில் சுமார் 14. கோவையில் வருஷத்திலேயே நீண்ட பகல் சுமார் பன்னிரண்டே முக்கால் மணி நேரம்தான். அங்கே ஆள் உயரத்தைத் தாண்டி வளர்கிற ஒரு நார் ரகத்தை அப்படியே கொண்டுவந்து இங்கே விதைத்தால், முளைத்துச் சில வாரத்திலேயே பூத்து, குட்டையாக நின்றுவிடும். நார் வேண்டியவனுக்குத் தண்டுதானே பயிர்? அதோடு, வெயில், வறட்சி, மண் எல்லாம் மாறும்போது ஒரு ரகம் அங்கே காட்டிய டி.எச்.சி. அளவை இங்கேயும் காட்டும் என்று உறுதி சொல்ல முடியாது.

இதனால்தான் ஆராய்ச்சி முதலில், சாகுபடி பிறகு என்று அழுத்திச் சொல்கிறேன். சீனாவின் யுன்னான் மாகாணத்தைப் பாருங்கள். நம் அட்சரேகைக்குக் கொஞ்சம் பக்கம், 25 டிகிரி வடக்கில் குன்மிங். வெளிநாட்டு விதையை நம்பாமல் அந்த மாகாண வேளாண் ஆய்வகம் உள்ளூர்ச் செடிகளிலிருந்தே தேர்ந்தெடுத்து, போதை குறைந்த 'யுன்மா' ரகங்களை உருவாக்கியது. அப்புறம் 2010-இல் மாகாண அளவில் லைசென்ஸ் விதி நடைமுறைக்கு வந்தது. அந்த விதியில் எனக்குப் பிடித்தது, ஆராய்ச்சிக்கு வளர்ப்பது, விதைப் பெருக்கத்துக்கு வளர்ப்பது, ஆலைக்கு மூலப்பொருளாக வளர்ப்பது, தோட்டத்துக்கு வளர்ப்பது, ஊர்வழக்கப்படி சொந்த உபயோகத்துக்கு வளர்ப்பது என்று தனித்தனியாகப் பிரித்தது. மலையில் தன் வீட்டுத் துணிக்கு நாலு வரிசை போடுகிற கிழவியையும் ஆலை முதலாளியையும் ஒரே தட்டில் வைக்கவில்லை.

உங்கள் தலைப்புக்கு வருவோம். நாற்று நடாமல், வயல் இல்லாமல் தொடங்கக்கூடிய வேலை நிறைய இருக்கிறது. பகல் நீளத்துக்கு ரகங்கள் காட்டும் எதிர்வினை பற்றி ஏற்கெனவே வெளியான தரவுகளை வைத்து தென்னிந்தியாவுக்கான கணிப்பு செய்யலாம். வயலில் இறங்கித்தான் ஆக வேண்டும் என்றால், அனுமதி உங்கள் பெயரில் கேட்காதீர்கள், பல்கலைக்கழகத்தின் பெயரில்தான் கேட்க வேண்டும். தமிழ்நாட்டில் இந்தச் சட்டத்தைப் பார்ப்பது உள், மதுவிலக்கு மற்றும் ஆயத்தீர்வைத் துறை. வெளிநாட்டு விதை மாதிரி ஆராய்ச்சிக்கு வேண்டுமென்றால் டெல்லியில் உள்ள தேசியத் தாவர மரபு வளப் பணியகம் வழியாகத்தான் இறக்குமதி. இரண்டு வருடப் படிப்புக்குள் இந்த அனுமதிகள் வந்து சேரும் என்று நம்பி ஆய்வேட்டைத் திட்டமிடாதீர்கள். வழிகாட்டியிடம் இப்போதே பேசி, கையில் மாற்றுத் தலைப்பு ஒன்றையும் வைத்துக்கொள்ளுங்கள்.

நாங்கள் நெல்லுக்கு முன் சணப்பு விதைத்து மடக்கி உழுவோம். அதுவும் ஹெம்ப்தான் என்று ஒருத்தர் பயமுறுத்துகிறார். அதற்கும் லைசென்ஸ் வேண்டுமா?
*- விவசாயி, விழுப்புரம்*

வேண்டவே வேண்டாம். சணப்பு பயறு வகைச் செடி, கஞ்சாவுக்கும் அதற்கும் உறவே இல்லை. 'சன் ஹெம்ப்' என்ற ஆங்கிலப் பெயரில் மட்டும் ஹெம்ப் ஒட்டிக்கொண்டிருக்கிறது. தைரியமாக விதையுங்கள்.

முப்பது வருஷம் காவல் துறையில் இருந்தவன். மலைக்காட்டில் கஞ்சா பிடுங்கப் போயிருக்கிறேன். ஆராய்ச்சி என்று ஒரு வயலைத் திறந்துவிட்டால் அதற்குள் கஞ்சாவை ஒளித்து வளர்க்க மாட்டார்களா? பள்ளிக்கூட வாசல் வரை கஞ்சா வந்துவிட்ட காலத்தில் இது தேவையா?
*- ஓய்வு பெற்றவர், திருச்சி*

உங்கள் கவலையை நான் தள்ளிவிடவில்லை. கஞ்சாவால் படிப்பை விட்ட பையன்களின் அம்மாக்கள் எழுதிய கடிதங்களும் இந்தப் பக்கத்துக்கு வருகின்றன.

ஒளித்து வளர்ப்பது பற்றி ஒரு தாவரவியல் உண்மை இருக்கிறது. இந்தச் செடியில் பெரும்பாலும் ஆண் வேறு, பெண் வேறு. மகரந்தம் காற்றில் கிலோமீட்டர் கணக்கில் போகும். கஞ்சா வளர்ப்பவன் ஆண் செடியைத் தேடித் தேடிப் பிடுங்குவான் என்பது உங்களுக்கே தெரிந்திருக்கும், ஏனென்றால் மகரந்தம் பட்டால் பூவில் விதை கட்டி அவன் சரக்கு கெட்டுவிடும். விதைக்காக வளர்க்கும் ஹெம்ப் வயல் ஆண் செடிகளால் நிறைந்தது. நார் வயலில் செடிகள் கோரைப்புல் மாதிரி நெருக்கி விதைக்கப்பட்டு, கிளையே விடாமல் மேலே போகும். பூவுக்காக வளர்ப்பவன் இடைவெளி விட்டுப் புதராக வளர்ப்பான். அதனால் ஹெம்ப் வயல் ஒளித்து வைக்க மோசமான இடம்.

ஆனாலும் உங்கள் ஆட்களுக்கு ஒரு நிஜமான கஷ்டம் உண்டு. களத்தில் பயன்படுத்தும் நிறம் மாறும் சோதனை, அந்தப் பொருள் இருக்கிறதா என்று சொல்லுமே தவிர எவ்வளவு என்று சொல்லாது. ஹெம்ப்புக்கும் நிறம் மாறும், கஞ்சாவுக்கும் மாறும். சோதனைச் சாவடியில் நிற்கும் எஸ்.ஐ. எதை நம்பி வண்டியை விடுவார்? ஒவ்வொரு மூட்டையோடும் லைசென்ஸ் எண்ணும் ஆய்வகச் சான்றும் இருக்க வேண்டும், அதை அவர் ராத்திரி இரண்டு மணிக்கும் போனில் சரிபார்க்க முடிய வேண்டும். தடய அறிவியல் ஆய்வகங்களுக்கு அளவு பார்க்கும் கருவியும் ஆளும் கூடுதலாகக் கொடுக்காமல் லைசென்ஸ் மட்டும் கொடுப்பது காவல் துறைக்குச் செய்யும் அநியாயம். யுன்னானில் லைசென்ஸ் வழங்குவதே காவல் துறைதான். அதை அப்படியே பின்பற்றச் சொல்லவில்லை, ஆனால் விதி எழுதும் மேஜையில் உங்களைப் போலக் களம் பார்த்தவர் ஒருவர் உட்கார வேண்டும்.

தேவையா என்றால், தேவை என்பேன். 2012-இல் மத்திய அரசு வெளியிட்ட போதைப்பொருள் தேசியக் கொள்கையே இந்தச் செடியின் நார், எண்ணெய்ப் பயன்களைக் குறிப்பிட்டு, போதை குறைந்த ரகங்களுக்கான ஆய்வை ஊக்குவிக்க வேண்டும் என்கிறது. கஞ்சாவை எதிர்ப்பதற்கும் ஹெம்ப்பை ஆராய்வதற்கும் சண்டை இல்லை.

வெளிநாட்டில் ஆராய்ச்சி லைசென்ஸ் கொடுத்துத் தொடங்கிய இடம் ஏதாவது உண்டா? என்ன ஆனது?
*- வாசகி, சேலம்*

உண்டு. அமெரிக்காவின் கென்டக்கி. அந்த மாநிலம் 19-ஆம் நூற்றாண்டில் ஹெம்ப்புக்குப் பேர் போனது. 1937-இல் வந்த வரிச் சட்டமும் பிறகு 1970-இல் வந்த கட்டுப்பாட்டுச் சட்டமும் அந்தப் பயிரை அங்கே துடைத்துவிட்டன. 2014 பிப்ரவரியில் அமெரிக்கப் பண்ணைச் சட்டத்தில் 7606 என்ற ஒரு சின்னப் பிரிவு நுழைந்தது. மாநிலச் சட்டம் இடம் கொடுத்தால், மாநில வேளாண் துறையும் பல்கலைக்கழகங்களும் ஆராய்ச்சிக்காக ஹெம்ப் வளர்க்கலாம், டி.எச்.சி. 0.3-ஐத் தாண்டக் கூடாது. அவ்வளவுதான்.

கென்டக்கி வேளாண் துறை இத்தாலியிலிருந்து 250 பவுண்டு விதை வரவழைத்தது. விதை லூயிவில் வந்து சேர்ந்ததும் சுங்கத்துறை பிடித்து வைத்துக்கொண்டது. வளர்க்கத்தான் சட்டம் சொல்கிறது, இறக்குமதிக்குத் தனி அனுமதி எங்கே என்று போதைப்பொருள் தடுப்பு அமைப்பு கேட்டது. மே மாதம், விதைப்புக் காலம் ஓடிக்கொண்டிருக்கிறது. கடைசியில் மாநில வேளாண் துறையே மத்திய அமைப்பின் மேல் வழக்குப் போட்டது, அதன் பிறகு விதை வெளியே வந்தது. சட்டத்தில் அனுமதி இருந்தும் விதைக்கு வழி எழுதாததால் வந்த தலைவலி இது. இந்திய மாநிலங்கள் இதை அப்படியே பாடமாக எடுத்துக்கொள்ளலாம்.

அந்த வருடம் கென்டக்கியில் மொத்தமே 33 ஏக்கர். அடுத்த வருடம் 922. விவசாயி வேளாண் துறையோடு ஒப்பந்தம் போட வேண்டும், குற்றப் பின்னணிச் சரிபார்ப்பு உண்டு, வயலின் ஜி.பி.எஸ். இடக்குறிப்பு கொடுக்க வேண்டும், அதிகாரி எப்போது வந்தாலும் உள்ளே விட வேண்டும். இந்தச் சோதனைக் காலம் முடிந்து 2018 டிசம்பரில் வந்த பண்ணைச் சட்டம் ஹெம்ப்பைப் போதைப்பொருள் பட்டியலிலிருந்தே எடுத்தது.

அதற்குப் பிறகு நடந்ததையும் சொல்ல வேண்டும். பெரும்பாலானோர் நாருக்குப் போகவில்லை, சி.பி.டி. (இந்தச் செடியில் உள்ள, போதை தராத இன்னொரு வேதிப்பொருள்) எண்ணெய்க்காகப் பூ வளர்த்தார்கள், அதில்தான் காசு என்றார்கள். 2019-இல் எல்லோரும் ஒரே நேரத்தில் விதைத்து விலை சரிந்தது. 2020 தொடக்கத்தில் அங்கே ஒரு பெரிய கொள்முதல் நிறுவனமே திவால் நடவடிக்கைக்குப் போனது, பணம் வராமல் விவசாயிகள் நின்றார்கள். வளருமா என்று ஆராய்ந்தார்கள், யார் வாங்குவார்கள் என்று அதே அக்கறையோடு ஆராயவில்லை. யூடியூப் பார்த்து எழுதிய தாராபுரம் ஐயா இந்தப் பதிலையும் படிக்க வேண்டும் என்று ஆசைப்படுகிறேன்.

ஹெம்ப் கலந்த துணிக்கு வெளிநாட்டு ஆர்டர் கேட்கிறார்கள். இந்திய நார் எப்போது கிடைக்கும்?
*- பின்னலாடைத் தொழில் செய்பவர், திருப்பூர்*

இப்போதைக்கு இறக்குமதி நாரை நம்பித்தான் கணக்குப் போடுங்கள். பயிர் வந்தால் மட்டும் போதாது. தண்டை ஊறவைத்து, உள்ளே இருக்கும் மரப்பகுதியை உடைத்து நாரைப் பிரித்து, பஞ்சு நூற்கும் இயந்திரத்தில் ஓடும் அளவுக்கு மெலிதாக்க வேண்டும். அந்த ஆலை பக்கத்தில் இல்லாவிட்டால் லாரி வாடகையே லாபத்தைத் தின்றுவிடும். உங்கள் சங்கம் ஒன்று செய்யலாம்: எந்த நீளம், எந்த மென்மை உள்ள நார் வேண்டும் என்று எழுதி ஆராய்ச்சி செய்கிற பல்கலைக்கழகங்களுக்கு அனுப்புங்கள். வாங்குகிறவன் என்ன கேட்பான் என்று தெரியாமல் ரகம் தேடுவது வீண் வேலை.

உத்தராகண்டில் 2018-லேயே அனுமதி கொடுத்தார்களே, ஏன் பெரிதாக ஒன்றும் கேள்விப்படவில்லை? ஆராய்ச்சி லைசென்ஸ் எப்படி இருந்தால் சரி என்று நினைக்கிறீர்கள்?
*- வாசகர், தென்காசி*

உத்தராகண்ட் மலைக் கிராமங்களில் இந்தச் செடி புதியது இல்லை. பௌரி கர்வால் பக்கம் தலைமுறை தலைமுறையாக அதன் நாரில் கயிறும் முரட்டுத் துணியும் செய்தவர்கள், விதையை அரைத்துச் சட்னி வைப்பவர்கள். அரசு அனுமதி கொடுத்தபோது 2018-இல் அது போனது ஒரு தொழில் சங்கத்துக்கு, 1,000 ஹெக்டேர் வரை சோதனைச் சாகுபடி என்று. வரம்பு 0.3 சதவீதம். ஆனால் காலங்காலமாக அந்த மலையில் வளரும் உள்ளூர்ச் செடி பெரும்பாலும் அந்த வரம்பைத் தாண்டியது. உள்ளூர் விதையைப் போட்டால் சட்டம் மீறல், வெளி விதையைப் போட்டால் மலைக்கு ஒத்துவருமா தெரியாது. அளவாக ஆராய்ந்து ரகம் கண்டுபிடித்த பிறகு வைத்திருக்க வேண்டிய வரம்பை, ரகம் கையில் இல்லாதபோதே வைத்தார்கள். வேகம் பிடிக்காததற்கு இது முக்கியக் காரணம் என்று நினைக்கிறேன்.

என் கருத்தைக் கேட்டீர்கள், சொல்கிறேன். ஆராய்ச்சி லைசென்ஸ் தேவைப்படும் முதல் ஆள் அரசுப் பல்கலைக்கழகம். அதற்கு வயலுக்குள் 0.3 என்ற கத்தி தொங்கக் கூடாது. பத்து வகைச் செடியை வளர்த்துப் பார்த்தால்தான் எது தாண்டும், எது தாண்டாது என்று தெரியும், தாண்டியதை அளந்து பதிவு செய்துவிட்டு அதிகாரி முன்னால் அழித்தால் போதும். அமெரிக்காவின் 2021 விதியும் ஆராய்ச்சி நிறுவனங்களுக்கு மாதிரி எடுப்பதில் தளர்வு கொடுத்துவிட்டு, வரம்பு தாண்டியதை அழித்தே ஆக வேண்டும் என்று மட்டும் வைத்திருக்கிறது.

அப்புறம், விண்ணப்பத்துக்கு இத்தனை நாளில் பதில் என்று விதியிலேயே இருக்க வேண்டும். விதைப்புப் பருவம் கோப்புக்காகக் காத்திருக்காது. நிராகரித்தால் காரணம் எழுதித் தர வேண்டும். ஆராய்ச்சி முடிவுகள் தமிழில், இந்தியில், அந்தந்த ஊர் மொழியில் வெளிவர வேண்டும். தனியார் பணத்தில் நடந்தாலும் டி.எச்.சி. முடிவுகளைப் பூட்டி வைக்க அனுமதிக்கக் கூடாது, ஏனென்றால் நாளைக்கு அந்த ரகத்தை நம்பி விதைக்கப் போகிறவர் அதே ஊர் விவசாயி.

எனக்கு எல்லாவற்றையும்விட முக்கியமாகப் படுவது, பிற்பாடு விவசாயி கைக்கு வரும்போது வயல் வரம்பு தாண்டிவிட்டால் என்ன ஆகும் என்பது. லைசென்ஸ் வாங்கி, சான்று பெற்ற விதை போட்டு, எல்லாம் ஒழுங்காகச் செய்தவருக்கு வெயில் அதிகமான ஒரு வருடம் எண் 0.5 வந்தால் அவர் குற்றவாளியா? அமெரிக்க விதியில் 1 சதவீதம் வரை அதை விவசாயியின் அலட்சியமாகக்கூட எடுத்துக்கொள்வதில்லை, பயிரை மட்டும் அழிக்க வேண்டும் அல்லது பூவை நீக்கிச் சரிசெய்ய வேண்டும். அதற்கு மேலே போய், ஐந்து வருடத்தில் மூன்று முறை அலட்சியம் என்று ஆனால்தான் ஐந்து வருடம் சாகுபடிக்குத் தடை. நம் சட்டத்தில் இப்படி எதுவும் இல்லை. பிரிவு 14 ஆணையின் நிபந்தனைகளில் இதை மாநில அரசு எழுத முடியும், எழுத வேண்டும். பயிர் அழிந்தால் பயிர்க் காப்பீடு உண்டா என்பதையும் சேர்த்து எழுத வேண்டும். இமாச்சலத்தின் இரண்டு பல்கலைக்கழகங்களும் தங்கள் சோதனை ஆய்வின் முடிவோடு இந்த விதிகளுக்கும் ஒரு வரைவு கொடுத்தால், மற்ற மாநிலங்கள் அதை எடுத்து வைத்துக்கொண்டு தங்கள் மண்ணுக்கு ஏற்றபடி திருத்திக்கொள்ளலாம்.